ஓடிய தூரத்துக்குக் கதை

செல்வமேரிக்குக் கதை வேண்டுமென்றால் ஞானையா ஓடியாக வேண்டும். அவர்கள் வீட்டில் அப்படி ஓர் ஏற்பாடு.

ஞானையா அவளுடைய கணவர். தாம்பரத்தில் மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் ஃபிட்டர். பீர்க்கன்கரணையில் அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. 'ஓடுற ஆளு வூடு' என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். விடிவதற்கு முன் ரப்பர் ஷூவை மாட்டிக்கொண்டு திருச்சி போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர், ஊரப்பாக்கம் வரை ஓடித் திரும்புவார். டீக்கடை தசரதன் பதினோரு வருஷமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், பஸ்ஸ வுட்டுட்டியா?"

ஞானையா பதினோரு வருஷமாகக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

எதற்காக ஓடுகிறார் என்று செல்வமேரிக்கும் முதலில் விளங்கவில்லை. கல்யாணமான புதிதில் ரயில்வே விளையாட்டுப் போட்டியில் ஐயாயிரம் மீட்டரில் மூன்றாவதாக வந்தார். அதோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்தாள். அவர் நிறுத்தவில்லை. வயது நாற்பதைத் தாண்டியது. மகள் செங்கல்பட்டில் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தாள். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தார். குடிப்பதில்லை, பீடி பிடிப்பதில்லை, ஓடுகிறார். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

புத்தகங்கள் பிற்பாடு வந்தன. மேற்குத் தாம்பரத்தில் கஸ்தூரிரங்கன் என்ற ஓய்வுபெற்ற அதிகாரி தன் வீட்டுக் கார் ஷெட்டில் வாடகை நூலகம் வைத்திருந்தார். முன் அலமாரிகளில் மாத நாவல்களும், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த கட்டுகளும் இருக்கும். பின்பக்கம், ஊரைவிட்டுப் போன யாரோ துரை வீட்டிலிருந்து எடைக்கு வாங்கிய இங்கிலீஷ் புத்தகங்கள். மழைக்கு ஒதுங்கிய ஞானையா அங்கே ஒரு புத்தகத்தின் அட்டையில் ஓடிக்கொண்டிருந்த மனிதனைப் பார்த்தார். எடுத்து வந்தார்.

மிஷன் பள்ளிக்கூடத்து எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ். வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, லீவு போட்டு மூன்று நாளில் படித்து முடித்தார். குளிர்தேசத்துக்காரன் ஒருவன் தான் ஓடிய கதையைத் தானே எழுதியிருந்தான். காட்டில் ஓடினானாம், பனியில் ஓடினானாம், முழங்கால் சேற்றில் ஓடினால் தொடை இறுகும் என்று சொல்லியிருந்தானாம். மறுநாள் ஞானையா ஏரி ஓரத்துச் சேற்றில் இறங்கி ஓடினார். துணி துவைத்துக்கொண்டிருந்த எல்லம்மா கல்லை விட்டு எழுந்து புடவையைச் செருகிக்கொண்டு தானும் சேற்றில் இறங்கினாள்.

"இன்னா வுழுந்துச்சி? வாச்சா, செயினா?" என்று தேட ஆரம்பித்தாள்.

இதையெல்லாம் விட அவரை வேறொன்று உறுத்தியது. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.

"அந்த ஆளு ஆயுசு பூரா ஓடுனத நான் பாயில படுத்துகினே மூணு நாள்ல முடிச்சிட்டேன். இது நல்லால்ல."

"படிக்கிறதுன்னா படுத்துகினுதான் படிப்பாங்க. இன்னான்ற?" என்றாள். நாலு பேர் முன்னால் 'நீங்க' என்பாள்; வீட்டுக்குள் 'நீ' தான்.

அன்றிலிருந்து அவர் ஒரு விதி வைத்துக்கொண்டார். புத்தகத்தில் இருக்கும் ஆள் எவ்வளவு தூரம் போகிறானோ அவ்வளவு தூரம் தானும் ஓடிய பிறகே பக்கத்தைத் திருப்புவது. படித்ததை இரவுச் சாப்பாட்டின்போது செல்வமேரிக்குச் சொல்வார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. முதலில் ஒரு மரியாதைக்காகக் கேட்டாள். பிறகு சோறு ஆறுவது தெரியாமல் கேட்டாள். ஓட்டக்காரர்கள் போனார்கள். மலையேறியவர்கள், பாய்மரப் படகில் தனியே போனவன், பாலைவனத்தை நடந்து கடந்தவன் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக அவர்கள் வீட்டுக்கு வந்து போனார்கள். படகுக்காரனோடு மட்டும் பேஜாராகிவிட்டது. கடல் மைலுக்கு எங்கே ஓடுவது? பாதியில் திருப்பிக் கொடுத்தார்.

செல்வமேரி சானடோரியம் பக்கத்து ஏற்றுமதி வளாகத்தில் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தாள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். ஷெட்டுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். ஒரு நாள் ஏதோ பேச்சில் பாலைவனக்காரன் கதையை எடுத்தாள். மறுநாள் அவர்களாகவே கேட்டார்கள். அப்புறம் காலையில் கேட்டைத் தாண்டும்போதே புஷ்பம் விசாரிப்பாள். அவள் பொத்தான் துளை மிஷினில் இருப்பவள்.

"யக்கா, உன் வூட்டுக்காரரு இன்னிக்கி ஓடுனாரா?"

"பன்னெண்டு கிலோமீட்டர்."

"அப்ப மத்தியானம் பெரிய கதைதான்."

எண்பத்தெட்டாம் வருஷம் ஆகஸ்டில் நீலத் துணி அட்டை போட்ட தடித்த புத்தகம் வீட்டுக்கு வந்தது. வடகோடியில் பனி சூழ்ந்த ஒரு தேசத்தை அளக்கப் போன ஐந்து பேர். கப்பல் பனியில் இறுகிப்போக, சறுக்கு வண்டியில் சாமான்களை ஏற்றி இழுத்துக்கொண்டு ஊர் நோக்கி நடக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எழுதிய நாட்குறிப்பு. ஒவ்வொரு நாளின் கடைசி வரியிலும் அன்று நடந்த தூரம் மைலில் இருந்தது. ஞானையாவுக்கென்றே எழுதியது போல.

விடியற்காலை எழுந்ததும் மேலே உள்ள வரிகளைத் தபால் கார்டால் மறைத்துக்கொண்டு கடைசி வரியை மட்டும் பார்ப்பார். ஒன்பது மைல் என்றால் பதினாலரைக் கிலோமீட்டர். ஓடிவிட்டு வந்து கார்டை எடுத்துவிட்டுப் படிப்பார். பனிப்புயல் அடித்து அவர்கள் கூடாரத்துக்குள் கிடந்த நாட்களில் தூரம் பூஜ்யம். அன்று ஞானையாவும் ஓடமாட்டார். ஒரு தடவை புயல் ஆறு நாள் அடித்தது. நாலாம் நாள் வாசலை அவரே பெருக்கினார். ஆறாம் நாள் கூரையில் ஏறி உடைந்த ஓடுகளை மாற்றிக்கொண்டிருந்தார்.

"எப்பத்தான் அந்தப் புயலு நிக்குமோ. எனக்குப் பேஜாரா கீது" என்றாள் செல்வமேரி.

புத்தகத்தைத் திருப்பித் தர நாளாகும் என்று சொல்ல அவர் போனபோது கஸ்தூரிரங்கன் சிரித்தார். "அதைக் கேட்டுண்டு இந்த ஊர்ல வேற யாரும் வரப்போறதில்லை ஞானையா. நிதானமா ஓடி முடிச்சுட்டே கொண்டு வாங்கோ."

ஐந்து பேரில் ஒருவன் தச்சன். ஆல்வர் என்று பெயர். சறுக்கு வண்டியின் கட்டை உடைந்தால் அவன்தான் சரி செய்வான். மற்றவர்கள் தூங்கிய பிறகு அவர்களுடைய பூட்ஸ்களை எடுத்துப் பார்த்து, பிய்ந்திருந்தால் தைத்து, எடுத்த இடத்தில் வைத்துவிடுவான். காலையில் யாரும் கேட்டால் தெரியாது என்பான். சட்டைக் கம்பெனிப் பெண்களுக்கு அவனைப் பிடித்துவிட்டது. தைக்கிறவன் அல்லவா. அவன் அவர்களுக்கு 'நம்ம ஆசாரி' ஆகிவிட்டான்.

பனி என்றால் என்னவென்று அவர்கள் மீன் பெட்டி ஐஸை வைத்துப் புரிந்துகொண்டார்கள்.

"அது மேலயே படுத்துப்பாங்களா?" என்றாள் அங்காளம்மாள். தைத்த சட்டைகளைச் சரிபார்ப்பவள்; அந்த வட்டத்தில் வயதில் மூத்தவள்.

"அது மேலயே."

"அத்தினி ஐஸு கீது, ஒரு பன்னீர் சோடாவுக்கு வழி கிடையாது" என்றாள் புஷ்பம்.

அக்டோபரில் ஆசாரிக்குக் கால் விரல்கள் கறுத்தன. மற்ற நாலு பேரும் அவனைச் சறுக்கு வண்டியில் உட்காரவைத்து இழுத்தார்கள். அவன் வேண்டாம் என்றான். சாமான் கனத்தோடு நானும் எதற்கு என்றான். அவர்கள் கேட்கவில்லை. நாட்குறிப்பின் அடுத்த நாளுக்காக ஓடப் போன ஞானையா, டெலிபோன் கேபிளுக்காகத் தோண்டி மூடாமல் விட்டிருந்த பள்ளத்தில் காலை விட்டார். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டு, மூன்று வாரம் ஓட்டம் கூடாது என்றார்.

கதை நின்றது.

செய்தி கேட்டு வேப்பமரத்தடியில் சாப்பாடு இறங்கவில்லை. யாருடைய காலுக்காக அதிகம் வருத்தப்பட்டார்கள் என்று சொல்வது கஷ்டம். அங்காளம்மாள் ஊரப்பாக்கத்துக் கட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கி வந்தாள். அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

"எந்தக் காலுக்கு யக்கா?" என்றாள் புஷ்பம்.

"ரெண்டு காலுக்கும் சேத்துதான்."

மூன்று வாரம் போயிற்று. கட்டைப் பிரித்தார்கள். ஞானையா விந்தி விந்தி வேலைக்குப் போனார். "இன்னும் சுருக்குனு கீது" என்றார். ஐந்து வாரம் போயிற்று. ஆறு வாரம். கம்பெனியில் கேட்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கேலியாக மாறியது. "ஆசாரி இன்னும் வண்டியிலயே கீறாரா? எறங்கி டீ கீ குடிச்சாரா?"

"படிச்சி மட்டும் சொல்லேன்" என்று செல்வமேரி ஒரு நாள் கேட்டுப் பார்த்தாள்.

"ஓடாம எப்டி?" என்றார்.

பொறுக்காமல் ஒரு சாயங்காலம் கஸ்தூரிரங்கனின் கார் ஷெட்டுக்குப் போய் நின்றாள். அந்தப் புத்தகத்தைப் படித்த வேறு ஆள் அவர் ஒருவர்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அந்தத் தச்சன் சமாசாரம்தானே? அவனோட நிக்கறதுன்னு ஞானையா சொன்னார். சொல்லட்டுமா?"

அவளுக்கு வாய் வரை வந்தது. தனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால், ஞானையா ஓடி வந்து சொல்லும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"வேணாம் சார்" என்று திரும்பிவிட்டாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் சரக்கு ஏற்றுமதி அவசரம் என்று கம்பெனியில் எல்லாரையும் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்கள். ஞானையா காலை ஷிஃப்ட் என்று இருட்டிலேயே கிளம்பிப் போயிருந்தார். செல்வமேரிக்கு ஆறு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏரிக்கரை ஓரமாக பஸ் திரும்பியபோது கரைமேல் ஒரு ஆள் ஓடிக்கொண்டிருந்தான். இடது முழங்கை கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும் அந்த ஓட்டம் இருபது வருஷமாக அவளுக்குத் தெரியும். காலில் ஒரு குறையும் இல்லை. நன்றாக, வேகமாக, வாயைத் திறந்துகொண்டு ஓடினார்.

அன்று அவள் இரண்டு காலர்களைத் தலைகீழாகத் தைத்தாள். மத்தியானம் கேட்டவர்களுக்கு, "இன்னும் வலிக்குதாம்" என்றாள். பொய் சொல்கிறோம் என்பதை விட, தன்னை ஒருத்தர் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பது போல இருந்தது. தனியாக ஓடி, தனியாகப் படித்து, தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாரா? தான் கார் ஷெட் வாசல் வரை போய்த் திரும்பி வந்தவள்.

சாயங்காலம் ஞானையா விந்தியபடி உள்ளே வந்தார். கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள்.

"ஏரிக்கரையில சேறு ஜாஸ்தியா?" என்றாள்.

பிசைந்த கை நின்றது. மறுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. மறுக்கவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு, பெட்டிக்கு அடியிலிருந்து நீலப் புத்தகத்தைக் கொண்டு வந்தார்.

"மழையில கூரை ஒழுவுச்சே, கட்டுப் போட்டுகினு கெடந்தேனே, அப்ப நனைஞ்சிடுச்சி. அடுப்பாண்ட வெச்சிக் காயவெச்சேன். போட்டோ பக்கமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகிச்சி. கிழிஞ்சா லைப்ரரி அய்யரு இன்னா சொல்வாருன்னு பிளேடு வுட்டுப் பிரிச்சேன். படிக்கல, மேரி. கண்ணுல பட்டுச்சி."

பிரித்துக் காட்டினார். வழவழப்பான தாளில் ஒரு போட்டோ. வெள்ளைவெளேர் என்ற வெளி. நடுவில் கற்களைக் குவித்து, மேலே ஒரு பலகை நட்டிருந்தது. பலகையில் எழுத்துகள்.

"ஆசாரி பேரா?"

"ஆமா."

அவள் புத்தகத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தினி நாளா தெரியும் உனக்கு?"

"அஞ்சு வாரமா."

"சொல்லித் தொலைய வேண்டியதுதானே."

ஞானையா போட்டோவின் ஓரத்தை விரலால் நீவினார். "நான் நிறுத்துன எடத்துக்கு அடுத்த பக்கம்தான் இந்தப் போட்டோ. நான் ஓடலன்னா அவன் சாவமாட்டான்ல. வண்டியிலயே குந்திகினு இருப்பான்."

"ஏரிக்கரையில ஓடுனது?"

"அது கணக்குல கிடையாது. சும்மா ஓடுனது. ஓடாம இருக்க முடியல."

செல்வமேரிக்குக் காலையிலிருந்து இருந்த கோபம் இப்போது எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. வேறு பக்கமாக வந்தது.

"அஞ்சு வாரமா அந்தக் குளுருல அவன குந்த வெச்சிக்கிறியே. காலு வேற அழுவிப்போயி. இதுக்கு அவன் போயே சேந்திருக்கலாம்."

ஞானையா அப்படி யோசித்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்கி எத்தினி மைலு?" என்றாள்.

அவர் கார்டை வைத்து மறைத்துக்கொண்டு அடுத்த நாளின் கடைசி வரியைப் பார்த்தார். "ரெண்டே மைலு. மூணு கிலோமீட்டர் சொச்சம்."

"அவ்ளோதானே. காலைல நானும் வரேன்."

மறுநாள் விடிவதற்கு முன் கிளம்பினார்கள். மஞ்சள் பையில் புத்தகமும் அவளுடைய டிபன் பாக்ஸும். அவள் செருப்போடு வந்ததால் அவர் ஓடவில்லை, நடந்தார். டீக்கடையில் தசரதன் கேட்க வாயெடுத்து, பக்கத்தில் செல்வமேரியைப் பார்த்துவிட்டு, "வாங்கம்மா" என்று மட்டும் சொன்னான். பெருங்களத்தூர் தாண்டி லாரிகள் காற்றை அடித்துவிட்டுப் போயின. வண்டலூர்ப் பக்கம் மிருகக்காட்சி சாலையில் சிங்கம் ஒன்று இருமுவது போலக் கத்தியது. கிலோமீட்டர் கல்லிலிருந்து இருநூறு தப்படி எண்ணி, ஒரு மதகுச் சுவருக்குப் பக்கத்தில் ஞானையா நின்றார்.

"இங்கதான்."

மதகுச் சுவரில் உட்கார்ந்தார்கள். விரலை வைத்து இங்கிலீஷில் ஒரு தடவை வாய்க்குள் படித்துக்கொண்டு, தமிழில் சொன்னார்.

"விடியக்காத்தால ஆல்வர் செத்துட்டார். பகல் பூரா கல்லு தேடுனோம். பலகை நட்டோம். அப்புறம் ரெண்டு மைலு நடந்தோம்."

"அப்புறம்?"

"அவ்ளோதான் எழுதிக்கிறான்."

"அவ்ளோதானா?" அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் நாலு வரி நாலு வரிதான். "பனி இன்னா கலர்ல கீதுன்னு மூணு பக்கம் எழுதுனான். அவங்க நாயி செத்ததுக்கு ஒரு பக்கம் எழுதுனான். கூடவே நடந்து வந்த மனுசனுக்கு நாலு வரியா?"

"பென்சில் புடிக்க வெரல் வரலியோ இன்னாவோ" என்றார் ஞானையா.

அவள் புத்தகத்தை மூடி அவரிடம் கொடுத்துவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். வெளிச்சம் வந்ததும் வண்டலூரிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் திரும்பி வீட்டை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தார்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்ததைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"ஓடிட்டாரா?" என்றாள் புஷ்பம்.

"ஓடிட்டாரு."

நாலு வரியோடு வந்தவள் நாலு வரியைச் சொல்லவில்லை. ஆசாரி விடியற்காலையில் கண் திறந்து சுடுதண்ணி கேட்டார் என்றாள். பனியை உருக்கித் தண்ணி கொதிப்பதற்கு எவ்வளவு நேரமாகும் தெரியுமா. ஒருத்தர் அடுப்பை ஊதினார், ஒருத்தர் அவர் கையைத் தேய்த்துவிட்டார். ஐந்து பேரில் ஒருவரான டாக்டருடைய பூட்ஸில் தையல் விட்டிருப்பதைப் படுத்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டு, அதை இப்படிக் கொடு என்று கை நீட்டினார். ஊசியைக் கோக்க முடியவில்லை. டாக்டர் கோத்துக் கொடுத்தார். மூன்று தையல் போட்டார். நாலாவதைப் போடவில்லை.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். செல்வமேரி கல் தேடிய கதையைச் சொன்னாள். அந்தப் பனியில் கல் கிடைப்பது லேசில்லை. ஆளுக்கு ஒரு பக்கமாகப் போய், நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"பலகையில பேரு செதுக்குனது யாரு?" என்று கேட்டாள் அங்காளம்மாள். "உளி புடிக்கத் தெரிஞ்சது அவரு ஒருத்தருதானே."

செல்வமேரி அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"டாக்டருதான் செதுக்குனாரு. கோணலாப் போச்சி. ரெண்டாவது எழுத்த இழைச்சிட்டு மறுபடி செதுக்குனாரு. நேரம் ஆச்சி. அதான் அன்னிக்கி ரெண்டே மைலு."

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது. சூப்பர்வைசர் யக்ஞநாராயணன் கடிகாரம் கட்டிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றி வந்தார். இருபது பெண்கள் திறக்காத டிபன் பாக்ஸ்களோடு கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கையைத் தாழ்த்தினார்.

"என்னம்மா, யாராவது தவறிட்டாங்களா?"

"ஆமா சார்" என்றாள் அங்காளம்மாள்.

"யாரு?"

"எங்க ஆசாரி சார்."

"அடடா. என்ன வயசு?"

எல்லாரும் செல்வமேரியைப் பார்த்தார்கள். புத்தகத்தில் அது இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

"முப்பத்தி நாலு சார்."

"சின்ன வயசு" என்றார். கொஞ்சம் தயங்கி நின்றார். "சரி, சாப்பிட்டுட்டு ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல் நடந்து போனார்.

அவர் மறையும் வரை பொறுத்திருந்து புஷ்பம் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"யக்கா, மீதி நாலு பேருக்கு இன்னும் எத்தினி தூரம் கீது?"

"தெரியாதுடி" என்றாள் செல்வமேரி, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே. "நாளைக்கி அவரு ஓடிட்டு வரட்டும்."